மேளத்தையும் அடிமுறையையும் பாடமாகப் படித்த அம்மையார்

“ஆட்டம் ஆடுனா சோறு கெடைக்குமா?”

தோட்டப்புறத்துப் பெற்றோர் இப்படிக் கேட்பது புதிதல்ல. பையன் சிலம்பக் கம்பைத் தூக்கினாலும் சரி, உறுமி மேளக் குழுவில் சேர்ந்தாலும் சரி, பெண் பிள்ளை சலங்கை கட்டிக்கொண்டாலும் சரி, வீட்டில் முதலில் எழும் கேள்வி இதுதான். கேட்பதைக் குறை சொல்ல முடியாது. பால் மரத்தை நம்பிக் காலம் தள்ளியவர்களுக்குப் பிள்ளையின் படிப்பைத் தவிர வேறு என்ன சொத்து இருக்கிறது? ஆனால் அந்த ஆட்டத்தையும் அடிமுறையையும் மேளத்தையுமே பல்கலைக்கழகப் பாடமாக எடுத்துக்கொண்டு, அதற்காகவே கடல் கடந்து போய், கரும்புத் தோட்டத்து மக்களின் நடுவே உட்கார்ந்து கற்றுக்கொண்டு வந்த ஒரு பெண்மணி இருந்தார். அமெரிக்க நாட்டுக் கறுப்பினத்தைச் சேர்ந்த காதரின் டன்ஹம் அம்மையாரே அவர். மாணவச் செல்வங்களும் பெற்றோர்களும் அவருடைய வரலாற்றை ஒருமுறை தெரிந்துகொள்வது நல்லது.

1909-ஆம் ஆண்டு ஜூன் 22-ஆம் நாள் சிகாகோவில் பிறந்தவர் காதரின். தந்தையார் தையற்காரர், பிறகு துணி வெளுத்துத் தேய்த்துக் கொடுக்கும் கடை ஒன்றை நடத்தினார். தாயார் இவர் சிறு குழந்தையாக இருக்கும்போதே காலமாகிவிட்டார். ஆல்பர்ட் என்று ஓர் அண்ணன். பிள்ளைகள் இருவருமே கடை வேலையில் பங்கெடுத்துத்தான் வளர்ந்தார்கள். அண்ணன் முதலில் சிகாகோ பல்கலைக்கழகத்துக்குப் போய்த் தத்துவம் படித்தார். தங்கையையும் வா வா என்று அழைத்தார். அண்ணன் ஒருவன் முன்னால் போனால்தான் தங்கைக்கு வழி திறக்கும் என்பது நம் வீடுகளிலும் நாம் கண்டதுதானே! 1920-களின் இறுதியில் காதரினும் அங்கே சேர்ந்தார். நடன வகுப்பு நடத்திச் சம்பாதித்துக்கொண்டே படித்தார்.

அங்கே இராபர்ட் ரெட்பீல்டு என்ற பேராசிரியரின் சொற்பொழிவு ஒன்றைக் கேட்டதுதான் அவருடைய வாழ்க்கையைத் திருப்பியது. அமெரிக்கக் கறுப்பின மக்களிடம் இருக்கும் ஆட்டபாட்டங்களில் பலவற்றுக்கு ஆப்பிரிக்காவில் வேர் இருக்கிறது என்று அவர் பேசினார். இன்று இதில் என்ன வியப்பு என்று தோன்றும். அன்றைய நினைப்பே வேறு. கப்பலில் விலங்கு பூட்டிக் கொண்டுவரப்பட்ட அடிமைகள் எல்லாவற்றையும் கடலிலேயே தொலைத்துவிட்டார்கள், அவர்களுக்கென்று பண்பாடு எதுவும் மிச்சமில்லை என்றே படித்தவர்களில் பெரும்பாலோர் நம்பினார்கள். அந்த நம்பிக்கை வெறும் கட்டுக்கதை என்று பக்கத்துப் பல்கலைக்கழகமான நார்த்வெஸ்டர்னில் இருந்த மெல்வில் ஹெர்ஸ்கோவிட்ஸ் என்ற மானிடவியல் பேராசிரியர் வாதாடிக்கொண்டிருந்தார். 1941-இல் அதை ஒரு பெரிய நூலாகவே எழுதினார்.

சரி, வேர் இருக்கிறது என்று எப்படி நிரூபிப்பது? ஏடு இல்லை, கல்வெட்டு இல்லை. அடிமைக்கு எழுதப் படிக்கச் சொல்லிக் கொடுப்பதே பல இடங்களில் சட்டப்படி குற்றமாக இருந்தது. ஆனால் முதுகு வளைவதிலும், கால் பதிவதிலும், தோளைக் குலுக்குவதிலும், மேளத்தின் நடையிலும் பாட்டனின் பாட்டன் கொண்டுவந்தது தங்கியிருக்குமே! அதைப் பார்க்கப் புத்தகம் படித்தவரின் கண் மட்டும் போதாது; ஆடத் தெரிந்தவரின் கண்ணும் வேண்டும். காதரினிடம் இரண்டும் இருந்தன.

ரோசன்வால்டு நிதி என்று ஓர் அறநிதி அக்காலத்தில் இருந்தது. அமெரிக்காவின் தென்பகுதியில் கறுப்பினப் பிள்ளைகளுக்காக ஐயாயிரம் அளவில் பள்ளிக்கூடங்கள் எழும்பத் துணை நின்ற நிதி அது. அதன் குழுவினர் காதரினை நேர்முகத்துக்கு அழைத்து, என்ன ஆராயப் போகிறாய் என்று கேட்டார்கள். வாயால் சொல்வதை விடச் செய்து காட்டட்டுமா என்றார் அவர். மேலே போட்டிருந்த கோட்டையும் பாவாடையையும் கழற்றினால், உள்ளே நடன உடை! முதலில் சிகாகோவில் சொல்லித் தரும் ஐரோப்பிய பாலே ஆட்டத்தைக் கொஞ்சம் ஆடினார். பிறகு ஆப்பிரிக்க பாணியில் ஓர் ஆட்டம். இந்த இரண்டாவது எங்கிருந்து வந்தது என்றுதான் பார்க்கப் போகிறேன் என்றாராம். இந்தக் கதையை அம்மையாரே பிற்காலத்தில் பலமுறை சொல்லியிருக்கிறார். உதவித்தொகை கிடைத்தது. ஹெர்ஸ்கோவிட்ஸிடம் சில மாதம் பயிற்சி பெற்று, ஒலிப்பதிவுக் கருவியும் படக்கருவியும் எடுத்துக்கொண்டு, 1935-இல் மேற்கிந்தியத் தீவுகளுக்குக் கப்பல் ஏறினார். வயது 26.

முதலில் ஜமைக்கா. அங்கே மலைக்காட்டில் அக்கொம்பொங் என்றொரு ஊர். கரும்புத் தோட்டங்களிலிருந்து தப்பி ஓடிய அடிமைகள், துரத்தி வந்த ஆங்கிலேயப் படையோடு ஆண்டுக்கணக்கில் போராடி, 1739-இல் உடன்படிக்கை செய்துகொண்டு சுதந்திரமாக வாழ்ந்த ஊர் அது. மரூன்கள் என்று அவர்களுக்குப் பெயர். அவர்களிடம் கொரமந்தி என்று ஒரு போர் ஆட்டம் உண்டு. இன்றைய கானா நாட்டுக் கடற்கரைக் கோட்டை ஒன்றின் பெயரிலிருந்து வந்த சொல் அது. காதரின் போனது அதைக் காணத்தான். ஊரார் காட்டுவார்களா? “அந்தக் காலத்து ஆட்டமெல்லாம் இப்ப யாரும் ஆடறதில்லீங்க” என்ற தோரணையில் நாளைக் கடத்தினார்கள். அவரும் வற்புறுத்தவில்லை. ஏறக்குறைய ஒரு மாதம் அங்கேயே தங்கி, அவர்கள் சமைத்ததைச் சாப்பிட்டு, கிழவிகளோடு கதை பேசிக்கொண்டு இருந்தார். ஊரை விட்டுப் புறப்பட வேண்டிய நாள் நெருங்கியபோதுதான் மேளச் சத்தம் கேட்டது. அந்த ஆட்டத்தைப் பார்க்கக் கிடைத்தது. பார்த்தார் என்ன, தாமும் சேர்ந்து ஆடினார். இந்த ஒரு மாதக் கதையை 1946-இல் ‘அக்கொம்பொங் பயணம்’ என்ற நூலாக வெளியிட்டார்.

அடுத்து மார்த்தினிக் தீவு. என் கருத்தில், அவருடைய ஆராய்ச்சியில் நம்மவர்கள் ஊன்றிப் பார்க்க வேண்டிய பகுதி இதுதான். பிரெஞ்சுக்காரர்களின் கரும்புத் தோட்டத் தீவு அது. அங்குள்ள கறுப்பின மக்களிடம் லாகியா என்று ஒரு தற்காப்புக் கலை இருக்கிறது. தன்மியே என்றும் சொல்வார்கள். இருவர் மோதும் சண்டைதான். ஆனால் மேளம் இல்லாமல் அந்தச் சண்டை கிடையாது!

எப்படி என்று சொல்கிறேன். ஊரார் வட்டமாக நின்றுகொள்வார்கள். ஓர் ஆள் நீண்ட மேளத்தைத் தரையில் படுக்க வைத்து, குதிரை மேல் உட்காருவதுபோல் அதன்மேல் உட்கார்ந்து, இரண்டு கையாலும் அடிப்பார். குதிகாலைத் தோலில் அழுத்தி அழுத்திச் சுருதியை ஏற்றி இறக்குவார். அவருக்குப் பின்னால் இன்னொருவர் இரண்டு குச்சிகளால் அதே மேளத்தின் மரத்தில் தட்டித் தாளம் பிடிப்பார். ஒருவர் பாட்டை எடுத்துக் கொடுக்க, கூட்டம் பதில் பாடும். சண்டைக்காரன் முதலில் வட்டத்தைச் சுற்றி ஓடி வந்து மேளத்தின் முன்னால் போய் நிற்பான். நம் சிலம்ப வாத்தியார் களத்தில் இறங்கியதும் செய்யும் வணக்கத்தை நினைத்துக்கொள்ளுங்கள். பிறகு இருவரும் ஆடிக்கொண்டே நெருங்குவார்கள், விலகுவார்கள், குனிவார்கள், பொய்க்கால் காட்டுவார்கள். ஒருவனை ஒருவன் தொட மாட்டான். பார்ப்பவருக்கு வெறும் ஆட்டம் என்றுதான் தோன்றும். மேளக்காரர் மட்டும் கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டிருப்பார். சட்டென்று அவருடைய கை ஒரு வெட்டு வெட்டும். அதே நேரத்தில் உதை பாயும். ஒருவன் மண்ணில் கிடப்பான்.

அடிப்பவன் மேளத்தைக் கேட்டு அடிக்கிறானா, மேளக்காரர் அவன் அடிக்கப் போவதைப் பார்த்து வெட்டுகிறாரா? இரண்டும்தான். ஆகவே லாகியாவைப் பற்றி எழுத வந்தவர் சண்டையை ஓர் ஏட்டிலும், ஆட்டத்தை வேறோர் ஏட்டிலும், இசையை மூன்றாம் ஏட்டிலும் எழுதினால் கையில் ஒன்றும் மிஞ்சாது. மூன்றையும் ஒன்றாகவே பார்க்க வேண்டும் என்பதை அந்த 26 வயதுப் பெண் அப்போதே கண்டுகொண்டார். 1936-இல் அவர் அங்கே எடுத்த லாகியா படச்சுருள் அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தில் பாதுகாக்கப்பட்டுள்ளது. சில நிமிடங்கள்தான், ஒலியும் கிடையாது. ஆனாலும் அந்தக் கலையை அசையும் படமாகக் காட்டும் மிகப் பழைய சான்றுகளில் அது ஒன்று.

அடிமைகள் சண்டைப் பயிற்சியை எசமானர்களிடமிருந்து மறைப்பதற்காகவே ஆட்டம்போல் மாற்றிக்கொண்டார்கள் என்று ஒரு கதை பரவலாக உண்டு. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. எனக்கென்னவோ அது பாதிக் கதை என்றே படுகிறது. மேற்கு ஆப்பிரிக்காவில், செனகல் நாட்டில், மல்யுத்தக்காரன் இன்றைக்கும் மேளத்துக்கு ஆடிக்கொண்டுதான் களத்தில் இறங்குகிறான். அங்கே யாரிடமிருந்து மறைக்கிறான்? இங்கே நம் மலாய் நண்பர்களின் சீலாட்டுக்கும் கெண்டாங்கும் செருனாயும் ஒலிக்கத்தானே செய்கின்றன? ஆட்டத்தையும் அடியையும் பிரித்துப் பார்ப்பது பிற்காலத்துப் பழக்கமாக இருக்கலாம்.

மார்த்தினிக் என்றதும் நாம் இன்னொன்றையும் நினைக்காமல் இருக்க முடியாது. அங்கே 1848-இல் அடிமை முறை ஒழிந்தது. கரும்பு வெட்ட ஆள் வேண்டுமே! 1853 முதல் பாண்டிச்சேரி, காரைக்கால் வழியாகக் கப்பல் கப்பலாக நம்மவர்களை ஒப்பந்தக் கூலிகளாகக் கொண்டுபோய் இறக்கினார்கள். முப்பது ஆண்டுகளில் சுமார் 25,000 பேர். தமிழ் பேச்சு மறைந்துபோன பிறகும், மாரியம்மனும் மதுரை வீரனும் பெயர் கொஞ்சம் திரிந்து அங்கே கும்பிடப்படுகிறார்கள். அந்தப் பூசையில் அடிக்கும் மேளத்துக்குத் ‘தப்பு’ என்ற நம் பெயரே வழங்குகிறது. காதரின் அம்மையார் ஆராயப் போனது இவர்களை அல்ல. ஆனால் அவர் சொன்ன உண்மைக்கு இவர்களும் சாட்சி: மொழி போன பிறகும் மேளம் நின்றது.

டிரினிடாட் தீவையும் பார்த்துவிட்டு, அவர் நெடுநாள் தங்கியது ஹைத்தியில். அடிமைகளே கிளர்ந்தெழுந்து 1804-இல் சுதந்திரம் பெற்ற நாடு அது. 1915 முதல் 1934 வரை அமெரிக்கக் கடற்படை வீரர்கள் அந்நாட்டைப் பிடித்து வைத்திருந்தார்கள். அவர்கள் போன மறு ஆண்டே ஓர் அமெரிக்கப் பெண் வந்து இறங்கினால் யார் நம்புவார்கள்? கறுப்பினத்தவர் என்பது கொஞ்சம் உதவியது. ஆடத் தெரிந்தவர் என்பது அதைவிட உதவியது. ஹைத்தி மக்களின் வோடு வழிபாட்டில் மூன்று மேளங்கள் முழங்கும். ஒவ்வொரு தெய்வத்துக்கும் தனி நடை, தனி ஆட்டம். நாக தெய்வமான தம்பாலாவுக்கு முழங்காலை மடக்கி, முதுகெலும்பு அலைபோல் நெளிய ஆடுவார்கள். வெளியே நின்று குறிப்பெழுதினால் இதெல்லாம் புரியாது என்று கண்ட காதரின், முறைப்படி தீட்சையே பெற்றுக்கொண்டார். தீட்சை பெறும் மற்றவர்களோடு மூன்று நாள் இரவு பகலாகத் தரையில் படுத்துக் கிடந்ததைப் பிறகு எழுதியிருக்கிறார். ஆராய்ச்சிக்காரர் இவ்வளவு தூரம் போகலாமா என்று கேட்டவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான், அவரும் அந்தச் சங்கடத்தை மறைக்காமல் எழுதினார்.

அவர் எழுதிய ‘ஹைத்தி நடனங்கள்’ என்ற ஆய்வு, ஆட்டத்தின் வடிவத்தையும் அது செய்யும் வேலையையும் சேர்த்துப் பார்க்கிறது. எளிதாகச் சொல்கிறேன். தைப்பூசத்தில் காவடி எடுப்பவர் வைக்கும் அடியையே பள்ளி மேடையில் ஒரு மாணவன் வைக்கிறான். கால் அதே கால். அடி அதே அடி. ஆனால் அங்கே அது நேர்த்திக்கடன், இங்கே கைதட்டலுக்கு. அடியை மட்டும் எழுதி வைத்துவிட்டு, எதற்காக ஆடினார்கள் என்பதை எழுதாவிட்டால் பாதியைத் தொலைத்தவர் ஆவோம். திருவிழாக் கூட்டத்தில் ஆடுவது எதற்கு, சாமிக்கு ஆடுவது எதற்கு, பொழுதுபோக்க ஆடுவது எதற்கு என்று ஒவ்வொன்றையும் பிரித்துக் காட்டினார் அம்மையார்.

1936-இல் இளங்கலைப் பட்டம் கிடைத்தது. மேற்பட்டம் முடிக்கவில்லை. ஒரு பக்கம் பல்கலைக்கழகம், மறுபக்கம் மேடை. இரண்டில் ஒன்றைத்தான் பிடிக்க முடியும் என்ற நிலை வந்தபோது மேடையைப் பிடித்தார். படிப்பை விட்டுவிட்டார் என்று சொல்லிவிடலாமா? 1938 ஜனவரியில் சிகாகோவில் அரங்கேறிய ‘லாகியா’ என்ற அவருடைய நாட்டிய நாடகத்தைப் பார்த்தவர்கள் அப்படிச் சொல்லியிருக்க மாட்டார்கள். மார்த்தினிக்கின் வோக்லேன் என்ற மீனவர் ஊரில் நடப்பதாக அமைந்த கதை. ஒரு பெண், அவளை விரும்பும் இருவர். தோற்றவன் மந்திரவாதம் தேடிப் போகிறான். கடைசியில் இருவரும் மேளத்துக்கு நடுவே லாகியாச் சண்டை இட, காதலன் மாண்டு விழுகிறான். களத்தில் கற்ற அடியும் நடையும் அப்படியே மேடைக்கு வந்தன. மறு ஆண்டு ‘கே டன்’ என்ற புனைபெயரில் எஸ்குவயர் என்ற பிரபல ஏட்டில் அதே லாகியாவைப் பற்றிக் கட்டுரையும் எழுதினார்.

அதற்குப் பிறகு அவருடைய குழு ஐம்பதுக்கும் மேற்பட்ட நாடுகளில் ஆடியது. நியூயார்க்கில் பள்ளி ஒன்றைத் தொடங்கினார். அங்கே நடனத்தோடு மானிடவியலும் மொழிகளும் பாடம். பிற்காலத்தில் உலகப் புகழ் பெற்ற நடிகர் மார்லன் பிராண்டோ அங்கே படித்தவர். பாலே பயிற்சியும், தீவுகளில் கற்ற இடுப்பு, முதுகு அசைவுகளும் சேர்ந்த அவருடைய பயிற்சி முறை ‘டன்ஹம் முறை’ என்ற பெயரிலேயே இன்றும் சொல்லித் தரப்படுகிறது.

கைதட்டல் கிடைத்த ஊரிலேயே படுக்க இடம் கிடைக்காத காலம் அது. 1944-இல் கெண்டக்கி மாநிலத்து லூயிவில் நகரில், கறுப்பினத்தவரைத் தனியே பிரித்து உட்கார வைத்திருந்த அரங்கில் ஆடி முடித்ததும், மேடையிலிருந்தே சொன்னார்: எங்களவர்கள் உங்கள் பக்கத்தில் உட்காரும் நாள் வரும்வரை இங்கே திரும்ப வர மாட்டேன் என்று. 1950-இல் பிரேசில் நாட்டு சாவ் பாவ்லோ நகரில் ஒரு பெரிய ஓட்டல் அவருக்கு அறை தர மறுத்தது. அவர் சும்மா விடவில்லை, பத்திரிகைகள் எழுதின. மறு ஆண்டே நிறபேதம் பாராட்டுவதைத் தண்டிக்கும் சட்டம் ஒன்று அந்த நாட்டில் நிறைவேறியது.

ஆராய்ச்சி நூலின் கதை வேறு. ‘ஹைத்தி நடனங்கள்’ 1947-இல் மெக்சிகோவில்தான் அச்சேறியது. பிறகு பிரெஞ்சு மொழியில் வந்தபோது, உலகம் போற்றும் மானிடவியல் அறிஞர் லெவி-ஸ்ட்ராஸ் முன்னுரை எழுதினார். அம்மையாரின் சொந்த நாட்டில் அது நூலாக வெளிவந்தது 1983-இல்! ஆடுகிறவள் எழுதியது ஆராய்ச்சியா என்ற இளக்காரம் அவ்வளவு காலம் நீடித்தது என்று நினைக்கிறேன்.

நம் பள்ளிக்கூடப் பெற்றோர்களுக்காக நான் முக்கியமாகச் சொல்ல நினைத்தது இனிமேல்தான். 1967-இல், வயது 58 ஆகும்போது, அவர் கிழக்கு செயின்ட் லூயிஸ் என்ற ஊரில் போய்க் குடியேறினார். தொழிற்சாலைகள் மூடி, வேலை இல்லாமல், இளைஞர்கள் குண்டர் கும்பல்களில் சேர்ந்து அலைந்த ஊர். அவர் பேரும் புகழும் பெற்றவர். எங்கேயாவது வசதியாக இருந்திருக்கலாம். போன புதிதிலேயே, காவலர்கள் பிடித்துப்போன ஓர் இளைஞனைப் பற்றி விசாரிக்கக் காவல் நிலையம் சென்றபோது அவரையே பிடித்து உள்ளே போட்டார்கள். பிறகு விட்டார்கள். அவர் ஊரை விட்டுப் போகவில்லை. தெற்கு இலினாய்ப் பல்கலைக்கழகத்தின் ஆதரவில் கலைப் பயிற்சி நிலையம் ஒன்றை அங்கே அமைத்தார். மோர் தியாம் என்ற மேளக் கலைஞரைச் செனகலிலிருந்தே வரவழைத்தார். நடனமும் மேளமும் மட்டுமல்ல, கராத்தே, ஜூடோவும் சொல்லித் தரப்பட்டன. தெருவில் அடித்துக்கொண்டு திரிந்த பையனுக்கு முதல் நாளே போய்ச் சதங்கை கட்டு என்றால் கட்டுவானா? மேளம் அடி, சண்டை கற்றுக்கொள் என்றால் வருவான். வந்தவன் மேளத்துக்குக் கட்டுப்படுவான், வாத்தியாருக்குக் கட்டுப்படுவான். மார்த்தினிக்கில் கண்டதை அவர் மறக்கவில்லை என்றுதான் தோன்றுகிறது.

1992-இல் ஹைத்தியிலிருந்து ஓட்டைப் படகுகளில் தப்பி வந்த ஏழை மக்களை அமெரிக்க அரசு நடுக்கடலிலேயே மறித்துத் திருப்பி அனுப்பியது. தம்மைச் சகோதரியாக ஏற்றுத் தீட்சை கொடுத்த மக்கள் அல்லவா! அம்மையார் உண்ணாவிரதம் தொடங்கினார். அப்போது அவருக்கு வயது 82. 47 நாள் சோறு தண்ணி பார்க்காமல்—தண்ணீர் தவிர என்று சொல்வதே சரி—கிழக்கு செயின்ட் லூயிஸ் வீட்டில் கிடந்தார். நாட்டை இழந்திருந்த ஹைத்தி அதிபர் அரிஸ்டீட் கேட்டுக்கொண்ட பிறகே உணவைத் தொட்டார். அதற்குப் பிறகும் பதினான்கு ஆண்டுகள் வாழ்ந்து, 2006-ஆம் ஆண்டு மே 21-ஆம் நாள் நியூயார்க்கில் காலமானார். 97 வயது நிறைய ஒரு மாதமே பாக்கி இருந்தது.